தாமதமாகும் பந்தய சிமுலேட்டர்: அடுப்பு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் எர்லி ஆக்சஸில், அதாவது செய்து முடிக்கும் முன்பே விற்கும் முறையில், ஒரு கார் பந்தய சிமுலேட்டர் வாங்கினாராம். அதற்காகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்டீயரிங் வீலும் பெடலும் வாங்கியிருக்கிறார். மழை, ஆன்லைன் பந்தயம், புதிய டயர் மூன்றும் ‘விரைவில்’ வரும் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் அதையே சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் மற்ற ஆட்டக்காரர்களே ‘பொறுமை இல்லாதவன்’ என்று பாய்கிறார்கள். டெவலப்பர்கள் சோம்பேறிகளா, ஏமாற்றுகிறார்களா, இல்லை இது உண்மையிலேயே இவ்வளவு கடினமான வேலையா? பேசாமல் வீலை விற்றுவிடலாமா?

நாலைந்து கேள்விகள் போல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. காத்திருப்பது வீண்போகுமா, போகாதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழி இருக்கிறதா என்பதுதான் அது. இருக்கிறது. முழுக்க இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு இருக்கிறது.

என் பின்னணியைச் சொல்லிவிட்டால் எதை நம்பலாம், எதைச் சந்தேகத்தோடு படிக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெரபேங்க் பக்கம் இருக்கிறேன். பதினேழு வருடமாகச் சுரங்க லாரிகளுக்கான பயிற்சி சிமுலேட்டர் செய்யும் வேலை. இருநூறு டன்னுக்கு மேல் பாரம் ஏற்றும், டயரே இரண்டு ஆள் உயரம் இருக்கும் டம்பர்கள். அவற்றை ஓட்டக் கற்பவர்கள் முதலில் எங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கற்பார்கள். பாரம், டயர், பிரேக் என்று வண்டி நகரும் கணக்கு முழுவதும் என் பகுதி. வீட்டில் 2005-இல் ஆர்ஃபேக்டர் வந்த காலத்திலிருந்து பந்தய சிமுலேட்டர் ஓட்டுகிறேன். ஆனால் விளையாட்டு நிறுவனம் எதிலும் வேலை செய்ததில்லை. ஆகவே டயரைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்வேன். அந்த நிறுவனங்களின் பணம், உள்விவகாரம் பற்றிச் சொல்வதெல்லாம் என் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான பகுதி: இது கடினம்தான். ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். காரின் முழு நடத்தையும் அந்த நாலு உள்ளங்கைகள் வழியாகத்தான் வருகிறது. டயர் பிடிப்பதே கொஞ்சம் வழுக்குவதால்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் பார்க்கும் திசையும் கார் உண்மையில் போகும் திசையும் சில டிகிரி வேறுபடும். அந்த வேறுபாடு கூடக் கூடப் பிடி கூடும், ஒரு புள்ளியில் உச்சம் தொடும், அப்புறம் சரியும். உச்சம் வரையிலான பகுதியை அளக்க இயந்திரங்கள் இருக்கின்றன. ஓடும் பட்டையின்மேல் டயரை அழுத்தி, கோணத்தை மாற்றி மாற்றி, விசையை எழுதிக்கொள்வார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்காவும் கூட்டாளிகளும் 1980-களில் அந்த அளவுகளுக்குப் பொருந்தும் ஒரு சூத்திரம் தந்தார்கள். ‘மேஜிக் ஃபார்முலா’ என்றே அதற்குப் பெயர். அளந்த வளைவை அச்சாக வரைந்து காட்டும், ஏன் அப்படி வளைகிறது என்று சொல்லாது. சாதாரண கார் வேலைக்கு அது போதும்.

பந்தயம் ஓட்டுபவன் வாழ்வதோ உச்சத்தின் விளிம்பில், பாதி நேரம் அதற்கு அந்தப் பக்கம். பின்பக்கம் முப்பது டிகிரி விலகி, டயரின் மேல்தோல் கொதித்து, உள்ளே இன்னும் சூடேறாமல், ஒரு சக்கரம் பந்தயப் பாதையோர மேடான கெர்பின்மேல் ஏறியிருக்கும் அந்த அரை நொடிக்கு அளவுகள் மிகக் குறைவு. இருப்பதையும் டயர் நிறுவனங்கள் எளிதில் வெளியே தரமாட்டார்கள். அதனால் சிமுலேட்டர் செய்பவர்கள் டயரை உள்ளிருந்தே கட்டப் பார்க்கிறார்கள். தரையைத் தொடும் ரப்பரைப் பிரஷ் முட்கள் போலப் பிரித்து, ஒவ்வொரு முள்ளும் எவ்வளவு வளைகிறது, எப்போது விட்டுக்கொடுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று கணக்கிடுவது. அதை நொடிக்குச் சில நூறு முறை, நான்கு டயருக்கும், உங்கள் வீட்டுக் கணினியில், படமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். இதை எழுதத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. ஒரு சின்ன நிறுவனத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். புதிதாக ஆள் எடுத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். எங்கள் இடத்தில் ஒரு நல்ல பொறியாளர் வந்து, பழைய கணக்கைப் புரிந்துகொண்டு, தைரியமாக ஒரு வரியை மாற்ற ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடமும் சொல்லிக்கொடுப்பது யார்? ஏற்கெனவே டயரை எழுதிக்கொண்டிருந்த அதே ஆள்.

லைவ் ஃபார் ஸ்பீட் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றே பேர் செய்த சிமுலேட்டர் அது. 2002-இல் முதல் பதிப்பு வெளியே வந்தது, 2003-இல் எஸ்1 என்ற முதல் கட்டம், 2005-இல் எஸ்2. அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் எஸ்3 இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்றே நினைத்தோம். 2008 கடைசியில் வோக்ஸ்வாகன் சிரோக்கோ காரை அறிவித்தார்கள். டயர் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது என்று அந்தக் கார் தள்ளிப்போனது. எஸ்3 வந்தது 2015 டிசம்பரில், இங்கிலாந்தின் ராக்கிங்ஹாம் பந்தயத் தளத்தோடு. 2021-இல் ஆட்டக்காரர்களே கார் செய்து சேர்க்க வழி திறந்தார்கள். அந்தப் புதிய டயரோ, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஆட்டக்காரர் கைக்கு வரவில்லை. டயரை மாற்றுவது என்பது ஒரு பொருளைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது போன்றதல்ல என்பதுதான் காரணம். பழைய டயரின் குறையை மறைக்க சஸ்பென்ஷன் எண்களில் கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பார்கள், ஸ்டீயரிங் அதிர்வில் கொஞ்சம். புதிய டயர் வந்ததும் மறைத்தவை எல்லாம் வெளியே வரும். ஒவ்வொரு காரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இத்தனை வருடம் மக்கள் பதித்த நேரங்களுக்கும் பொருள் போய்விடும். இதைத் தொட எனக்கும் கை நடுங்கும்.

மழையும் அப்படித்தான். ஐரேசிங் 2008-இல் ஆட்டக்காரர்களுக்குத் திறந்த சிமுலேட்டர். மாதச் சந்தா வாங்குகிறது, பெரிய குழு, தளங்களை லேசரால் அளந்து எடுக்கும் வசதி, எல்லாம் உண்டு. அதில் மழை வந்தது 2024 மார்ச்சில். திரையில் துளி விழ வைப்பது சில வார வேலை. தளத்தில் எங்கே தண்ணீர் தேங்கும், முன்னால் போகும் கார் எவ்வளவு நீரை ஒதுக்கும், உலர்ந்தபோது வேகமாக இருந்த பாதை ரப்பர் படிந்திருப்பதால் மழையில் ஏன் வழுக்கும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது மழை. காசும் ஆளும் இருந்தவர்களுக்கே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆனால் சிலர் சீக்கிரம் முடிக்கிறார்களே? முடிக்கிறார்கள். இத்தாலியின் குனோஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அசெட்டோ கோர்சா 2013 நவம்பரில் எர்லி ஆக்சஸில் வந்து 2014 டிசம்பரில் முடிந்தது. அடுத்து வந்த கொம்பெட்டிட்சியோனே 2018 செப்டம்பரில் தொடங்கி 2019 மே மாதமே முழுப் பதிப்பானது, எட்டே மாதம். அதில் ஜிடி பந்தயத் தொடர் ஒன்றின் கார்களும் தளங்களும் மட்டும்தான். படம் வரையும் வேலைக்கு அன்ரியல் எஞ்சின் என்ற வேறொரு நிறுவனத்தின் ஆயத்த மென்பொருளைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் ஈவோ 2025 ஜனவரியில் எர்லி ஆக்சஸில் வந்தபோது சாலை கார்களும் உண்டு, சொந்த எஞ்சின், பின்னால் திறந்த உலகமும் வரும் என்ற வாக்குறுதி. ஆன்லைன் பந்தயம் அன்று இல்லை. எட்டு மாதக் கணக்கை மனதில் வைத்து வாங்கியவர்கள் எரிச்சலானார்கள். என்னைக் கேட்டால், திறமை மூன்றிலும் ஒன்றுதான், தூக்கிய பாரம்தான் வேறு. உங்கள் சிமுலேட்டர் எவ்வளவு பாரத்தைத் தூக்கியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நாலு பேர் குழு, நூறு கார், இரவு பகல், மழை, உலகமெங்கும் தளம் என்று ஒரே பட்டியலில் இருந்தால், அதை நம்பியது உங்கள் தவறல்ல, அதை எழுதியது அவர்கள் தவறு.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நீங்கள் கேட்டதற்கு இதுதான் நேரான பதில் என்று நினைக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சுரங்கத்துக்காகச் செய்த டம்பரில், பாரத்தோடு ஈரமான சரிவில் இறங்கும்போது நடத்தை சரியில்லை என்றார்கள். அந்தச் சரிவுகள் நூற்றுக்கு எட்டு, பத்து என்ற சாய்வில் இருக்கும்; அங்கே பின்பக்கம் வழுக்குவது எப்படி இருக்கும் என்பதை ஓட்டுநர்கள் உடம்பால் அறிந்தவர்கள். ‘பின்பக்கம் தாமதமாக வருகிறது, வந்தால் மொத்தமாக வருகிறது’ என்றார்கள். டயர் என்று முடிவு செய்தேன். ஐந்து மாதம் ஈரத் தரை வளைவை மாற்றி மாற்றி எழுதினேன். ஒவ்வொரு மாதமும் வாடிக்கையாளருக்கு ‘அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்’ என்று எழுதினோம். அப்புறம் முப்பது வருடம் லாரி ஓட்டிய ஒரு ஜூலு பெரியவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு முறை இறங்கினார், மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். ‘கண்ணை மூடினால் லாரி சரியாக இருக்கிறது’ என்றார். டயரில் குறையே இல்லை. இருக்கை அசைந்து ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் திரையில் படம் திரும்பியது. சரிசெய்ய ஒன்பது நாள் பிடித்தது.

இதிலிருந்து எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, ஓட்டுகிறவர் ‘சரியில்லை’ என்றால் அது ஏறக்குறைய எப்போதும் உண்மை. ஆனால் ‘டயர் சரியில்லை’, ‘சஸ்பென்ஷன் சரியில்லை’ என்று அவர் சொல்லும் காரணம் பாதிக்கு மேல் தவறாக இருக்கும். பந்தய சிமுலேட்டரில் ‘ஐஸ்மேல் ஓட்டுவது போல இருக்கிறது’ என்று ஆயிரம் பேர் எழுதும்போது, குறை டயரிலும் இருக்கலாம், ஸ்டீயரிங் விசையைப் பதப்படுத்தும் வடிகட்டியிலும் இருக்கலாம், திரையின் தாமதத்திலும் இருக்கலாம், ஓட்டுகிறவர் காற்றழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பதிலும் இருக்கலாம். அதைப் பிரித்து எடுப்பதில்தான் மாதங்கள் கரைகின்றன. இரண்டாவது, அந்த ஐந்து மாதமும் ‘விரைவில்’ என்று நாங்கள் சொன்னதில் பொய் இல்லை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசிச் சிக்கல் என்று மனதார நம்பினோம். அதனால் ‘விரைவில்’ என்ற சொல்லை வைத்து அவர்கள் பொய்யர்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தச் சொல்லை நம்பித் திட்டம் போடவும் முடியாது. சொன்ன ஆளுக்கே தெரியாத தேதி அது.

ஆனால் உங்கள்மேல் பாய்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. ‘சின்னக் குழு, கேள்வி கேட்காதே’ என்கிறார்கள். சின்னக் குழு என்பது வேலை மெதுவாக நடப்பதற்குக் காரணம். வாய் திறக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. வெள்ளிக்கிழமை மாலை நாலு வரி எழுத கால் மணி நேரம் போதும். ‘இந்த வாரமும் முடியவில்லை, நாங்கள் நினைத்த இடத்தில் குறை இல்லை, அடுத்து இன்னதைப் பார்க்கிறோம்’ என்று எழுதினால் எவ்வளவு கோபம் தணியும்! நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் அட்டவணை போட்டுச் செய்த மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் இருந்தபோது ஒரு நாளில் எத்தனை முறை கரண்ட் போயிற்று? இருந்தும் அட்டவணை கையில் இருந்தால் சமாளித்தோம். சோறு முன்னாலேயே வடித்தோம், போனை ஏற்றி வைத்தோம், பந்தயத்தை ஒன்பது மணிக்குத் தள்ளினோம். அட்டவணையில் இல்லாமல் போய், எப்போது வரும் என்று யாருமே சொல்லாத அந்த இரவுகளில்தான் தெருவே கொதித்தது. இருட்டு என்னவோ இரண்டிலும் ஒரே இருட்டுதான். உங்கள் கோபமும் அந்த ரகம்தான். அது நியாயமான கோபம். காசு கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

‘ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா’ என்று எங்கள் ஆயா சொல்வார். சமையல்கட்டில் நின்று சொன்னதால் அது சரியாக இருந்தது, அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தோம். உங்களுக்கோ கதவு சாத்தியிருக்கிறது. வாசனை வருகிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். நான் பார்க்கும் வாசனைகளைச் சொல்கிறேன். கடைசி ஒரு வருடத்து அப்டேட் குறிப்புகளை மொத்தமாக எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். ‘பல மேம்பாடுகள்’, ‘செயல்திறன் திருத்தங்கள்’ என்றே போனால் எனக்குக் கவலை. ‘குறைந்த வேகத்தில் முன் டயர் அளவுக்கு மேல் சூடானது, திருத்தியிருக்கிறோம்’ என்று ஒரு வரி இருந்தால் உள்ளே யாரோ நிஜமாகவே வேலை செய்கிறார். வாக்குறுதிகள் நாளாக நாளாகக் குறுகித் தெளிவாகின்றனவா, அல்லது பரந்துகொண்டே போகின்றனவா என்று பாருங்கள். ‘இரவுப் பந்தயம் இந்தப் பதிப்பில் வராது, எடுத்துவிட்டோம், மன்னிக்கவும்’ என்று ஒரு குழு எழுதினால் ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கோ அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. தங்களால் எவ்வளவு முடியும் என்று அளக்கத் தெரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம். மாறாக, போட்ட தேதி கடந்து போய், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் புதிய கார் பொதி விற்பனைக்கு வந்தால் நான் பர்ஸை மூடிவிடுவேன். கார் வரைபவரும் டயர் எழுதுபவரும் வேறு வேறு ஆட்கள், கார் விற்ற காசில்தான் டயர் எழுதுபவருக்குச் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், விற்கிற அன்று அந்தத் தாமதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஏமாற்றா என்ற கேள்விக்கு வருகிறேன். இது ஊகப் பகுதி. வேண்டுமென்றே காசு பிடுங்க நினைப்பவர்கள் பந்தய சிமுலேட்டர் பக்கம் வருவது அரிது என்று நினைக்கிறேன். இவ்வளவு சின்னச் சந்தைக்கு இவ்வளவு கடினமான வேலை யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்யமாட்டார்கள். அடிக்கடி நடப்பது, காசு மெல்லத் தீர்ந்து, ஆட்கள் ஒவ்வொருவராக விலகி, மிச்சம் இருப்பவருக்கு அதை வெளியே சொல்ல மனம் வராமல் இருப்பது. உங்கள் கையில் இருப்பதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் இதைத் தன் எர்லி ஆக்சஸ் விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: சில குழுக்களால் முடிக்க முடியாமல் போகும், இன்றிருக்கும் நிலையில் விளையாடப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள் என்று. காசைத் திருப்பிக் கேட்கும் வழி வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால்தான். மூன்று வருடம் கழித்து அது உதவாது. அடுத்த முறைக்கு அந்த இரண்டு மணி நேரத்தை மெனுவில் வீணாக்காமல் ஒரே காரில் ஒரே தளத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஆன்லைன் பந்தயம் வராததைப் பற்றி நமக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. அது வந்தாலும் சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி. டர்பனிலிருந்து ஐரோப்பா போய்வர நூற்றெழுபது, நூற்றெண்பது மில்லிசெகண்ட் சாதாரணம். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் பத்து மீட்டர் போய்விடும், இரண்டு கார் நீளம். பக்கத்தில் வரும் காரை சிமுலேட்டர் ஊகித்துத்தான் வரைகிறது. ஊகம் தவறினால் நீங்கள் தொடாத காரை இடித்ததாகிவிடும். அதனால் டெவலப்பரிடம் ‘ஆன்லைன் எப்போது’ என்று கேட்பதோடு ‘சர்வர் மென்பொருளை நாங்களே நிறுவிக்கொள்ள விடுவீர்களா’ என்றும் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் மைக்ரோசாஃப்ட் 2019-இலும், கேப்டவுனில் அமேசான் 2020-இலும் தரவு மையங்களைத் திறந்துவிட்டார்கள். வாடகைக்கு ஒரு கணினி எடுக்கப் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். எங்கள் வியாழன் இரவுப் பந்தயம் அப்படித்தான் ஓடுகிறது.

இந்த நிலையில் நான் என்ன செய்வேன்? சிமுலேட்டரை அழிக்கமாட்டேன், அதற்காகக் காத்திருக்கவும் மாட்டேன். முடிந்துபோன ஒன்றில் ஓட்டுவேன். கொம்பெட்டிட்சியோனேயில் 2020 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து நம் கியாலமி பந்தயத் தளம் வந்துவிட்டது. 1993-இல் ஃபார்முலா ஒன் கடைசியாக ஓடிய பழைய வடிவம் இல்லை, பின்னால் புதுப்பித்த நாலரை கிலோமீட்டர் தளம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் போனவர்களுக்கு எஞ்சின் மூச்சு வாங்குவது தெரியும். உங்கள் சிமுலேட்டரில் எப்போதாவது கியாலமி வந்தால், அந்த மெல்லிய காற்று எஞ்சினிலும் இறக்கையிலும் தெரிகிறதா என்று பாருங்கள். அதைக் கணக்கில் எடுத்திருப்பவர்கள் மற்றதிலும் கவனமாக இருப்பார்கள். இல்லாவிட்டால் பழைய அசெட்டோ கோர்சா இருக்கிறது. 2014-இல் முடிந்ததை மக்கள் இன்றும் புதுக் கார், புதுத் தளம் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

முடியாத சிமுலேட்டருக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்டேட் செய்து, அதே கார், அதே தளம், அதே காற்றழுத்தம், அதே வெப்பநிலை, இருபது சுற்று. நேரத்தை எழுதுவேன், முதல் வளைவில் பிரேக் போடும் இடத்தை எழுதுவேன், பின்பக்கம் வழுக்கும்போது திருப்பிப் பிடிக்க முடிகிறதா என்று ஒரு வரி எழுதுவேன். இரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டினால் டெவலப்பர்கள் வெளியிடும் ரோட்மேப் (வரப்போவதன் பட்டியல்) சொல்லாததை அது சொல்லும். ஆறு பக்கத்தில் எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் சமையல்கட்டில் நெருப்பு இல்லை, நான் போவதை நிறுத்திவிடுவேன். ஏதாவது மாறியிருந்தால், மோசமாகவே மாறியிருந்தாலும், யாரோ உள்ளே இருக்கிறார். அவருக்கு எழுதுவதானால் அந்த நோட்டிலிருந்தே எழுதுங்கள்: எந்தக் கார், எந்தத் தளம், எத்தனையாவது சுற்று, கார் என்ன செய்தது, நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள், கூடவே ரீப்ளே கோப்பு. காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம், உணர்ந்ததை எழுதுங்கள். கண்ணை மூடி ஓட்டிய அந்தப் பெரியவர் எனக்குத் தந்தது அப்படிப்பட்ட ஒரு வரிதான்.

வீலை விற்காதீர்கள், தம்பி. கணினியில் ஓடும் பந்தய சிமுலேட்டர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது வேலை செய்யும், விற்றால் பாதி விலைகூடத் தேறாது. மறுபடி தொடங்கும் முன் பிரேக் பெடலை மட்டும் பாருங்கள். விலை குறைந்த பெடல்களில் உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் சுழலும். நம் ஊர் ஈரக்காற்றில் தூசி ஒட்டிக்கொண்டால் நீங்கள் மிதிக்காமலே பிரேக் துள்ளும், கார் வளைவில் திடீரென்று சுழலும். கண்ட்ரோலர் அமைப்புத் திரையில் பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கோடு நேராக ஏறாமல் நடுங்கினால், வீலைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை அந்தச் சுழலும் இடத்தில் கொஞ்சம் அடித்து, பெடலை ஐம்பது முறை மிதித்து, ஓர் இரவு காயவிடுங்கள்.